சித்திர வகுப்பிலிருந்து சர்க்கஸ் கூடாரம் வரை

கலை வரலாறு எழுதப் புகுந்தோர் தம் நூல்களிற் சர்க்கஸ் ஆட்டத்துக்கு இடமளிப்பது மிக அரிது. நாடகத்துக்கு ஓர் அத்தியாயம், நடனத்துக்கு ஓர் அத்தியாயம், இசைக்கும் ஓவியத்துக்கும் வெவ்வேறு அத்தியாயங்கள் என வகுத்துக்கொண்ட அறிஞர்கள், கயிற்றின்மேல் நடப்பவனையும் தோளின்மேல் ஏறி நிற்பவனையும் சந்தைவெளிக் கூட்டத்தோடு விட்டுவிட்டனர். நம்மவரும் இதற்கு விலக்கல்லர். கழைக்கூத்தை நாம் வேடிக்கை பார்த்தோம், காசு எறிந்தோம், கலையென்று அதனை ஏற்றுப் போற்றினோமல்லோம். உடலுழைப்பை இழிவாக நோக்கிய சமுதாயம், உடலையே கருவியாகக் கொண்ட கலையையும் இழிவாக நோக்கியதில் வியப்பில்லை.

ஆயின் சர்க்கஸை உற்று நோக்குமிடத்து, அதன் அடித்தளத்திலே அரியதொரு சமூக உண்மை தென்படும். மேலே ஏறுபவர், கீழே நிற்பவர் தம்மைத் தாங்குவார் என நம்பியாக வேண்டும். பாய்ந்து வருபவர், எதிரே நீளும் கைகள் உரிய கணத்தில் அங்கிருக்கும் என நம்பியாக வேண்டும். இந்த நம்பிக்கை பேச்சளவில் நின்றாற் போதாது; உயிரே அதனைச் சார்ந்திருக்கின்றது. தனியொருவரின் திறமையாகக் கூட்டத்துக்குத் தோன்றுவது, உண்மையிற் பலரின் கூட்டுழைப்பாகும். மனிதர் மனிதரை நம்பும் ஆற்றல் அடியோடு அழிக்கப்பட்ட ஒரு நாட்டில் இக்கலை எவ்வாறு முளைத்தது, எத்தகைய ஆட்டங்களை ஆக்கி ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் கொண்டு சென்றது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். நாடு கம்போடியா, நகரம் பட்டம்பாங், கதையைத் தொடக்கி வைத்தவர் ஒரு சித்திர ஆசிரியை.

அக்கதைக்குச் செல்லுமுன், சர்க்கஸ் வளர்ந்து வந்த பாதையைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். கழைக்கூத்தும் கயிற்று நடையும் உலகெங்கும் தொன்மையானவை. எனினும் இன்று நாம் சர்க்கஸ் என வழங்கும் அமைப்பு 1768 ஆம் ஆண்டில் லண்டனிலே தோன்றியது. குதிரைப்படையிற் பணியாற்றி விலகிய பிலிப் ஆஸ்ட்லி என்பார், வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் நின்று வித்தை காட்டினார். வட்டத்தில் ஓடும்போது உண்டாகும் மையவிலக்கு விசை, நிற்பவருக்குச் சமநிலை பேண உதவுகின்றது. பிற்காலத்தில் நிலைபெற்ற 42 அடி விட்டங்கொண்ட ஆடுவட்டம் இவ்வாறு குதிரையின் ஓட்டத்தையொட்டிப் பிறந்ததேயாகும். குதிரை வித்தைகளுக்கு இடையிலே கோமாளியும் கயிற்றாட்டக்காரரும் சேர்ந்தனர். 1859 இல் பாரிசில் ஜூல் லியோத்தார் ஓர் ஊஞ்சலிலிருந்து இன்னோர் ஊஞ்சலுக்குப் பறந்து காட்டினார். அமெரிக்காவிலே கூடாரமும் புகையிரதமும் துணைசெய்ய, சர்க்கஸ் ஊர் ஊராகச் செல்லும் பெருவணிகமாயிற்று.

அவ்வணிகம் வளர்ந்த காலம் ஏகாதிபத்தியம் வளர்ந்த காலமுமாகும். யானையும் புலியும் குடியேற்ற நாடுகளிலிருந்து ஐரோப்பியக் கூடாரங்களுக்குச் சென்றன. விலங்குகள் மட்டுமன்றி மனிதருங் கொண்டு செல்லப்பட்டனர். ஜெர்மனியின் ஹம்பர்க் நகர விலங்கு வணிகரான கார்ல் ஹாகன்பெக், 1880களில் நமது நாட்டிலிருந்து மக்களையும் யானைகளையும் அழைத்துச் சென்று ஐரோப்பிய நகரங்களிற் காட்சிக்கு வைத்தார். யார் ஆடுவது, யார் பார்ப்பது, வசூலான காசு யாருக்குச் செல்வது என்னும் வினாக்கள், ஆகவே, சர்க்கஸின் வரலாற்றுக்குப் புறம்பானவையல்ல.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாக்களுக்குப் புதிய விடைகள் தேடப்பட்டன. 1919 ஆகஸ்டு 26 ஆம் நாள் லெனின் ஒப்பமிட்ட ஆணையின்படி ரஷ்யாவின் நாடக அரங்குகளும் சர்க்கஸ்களும் மக்கள் உடைமையாயின. 1927 இல் மொஸ்கோவில் அரசாங்க சர்க்கஸ் பாடசாலை தொடங்கப்பட்டது. தந்தை மகனுக்கு இரகசியமாகக் கையளித்த வித்தை, அங்கே வகுப்பறைப் பாடமாயிற்று. பிரான்சிலே 1968 இன் எழுச்சியைத் தொடர்ந்த ஆண்டுகளில் இளங்கலைஞர் பலர் பழைய நாடக மாளிகைகளை விட்டுத் தெருவுக்கு வந்தனர். 1974 இல் அனி பிரத்தெலினி என்னும் பெண் கோமாளி, சர்க்கஸ் குடும்பங்களிற் பிறவாத பிள்ளைகளுக்கும் பாடசாலை திறந்தார். 1978 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலே விலங்குகள் இல்லாத சர்க்கஸ் ஒன்றைக் கலைஞர்களே கூட்டாக அமைத்தனர். கனடாவின் கியூபெக் மாகாணத்துத் தெருக்கூத்தர்கள் 1984 இல் 'சர்க் து சொலெய்' என்னும் குழுவைத் தோற்றுவித்தனர். விலங்கின் இடத்தை மனித உடலும், தனித்தனி வித்தைகளின் இடத்தைத் தொடர்ச்சியான கதையும் இசையும் பிடித்தன. புதிய சர்க்கஸ் என்று வழங்கப்பெறும் இம்மரபு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேரூன்றிய காலத்திலேதான் கம்போடியா சாம்பலாகிக் கிடந்தது.

கம்போடியர்க்கு இக்கலை முற்றிலும் புதிதன்று. அங்கோரிலுள்ள பாயோன் ஆலயத்தின் வெளிச்சுற்றுச் சுவர்களில், ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. அவற்றிலே அரசனின் போர்களுக்கருகில் மீன் பிடிப்போரும் சமைப்போரும் கோழிச்சண்டை பார்ப்போரும் இடம்பெறுகின்றனர். கயிற்றின்மேல் நடப்பவரும், மல்லாந்து கிடந்து கால்களால் சக்கரம் சுழற்றுபவரும், பிள்ளைகளைத் தன்மேல் ஏற்றித் தாங்கி நிற்பவரும் அங்கேயே காணப்படுகின்றனர். ஏடெழுதிய அறிஞர் மறந்த கழைக்கூத்தரைக் கல்லுளி பிடித்த தொழிலாளி மறந்தானில்லை.

அந்நாட்டின் அண்மைக்கால வரலாறு கொடியது. 1969 தொடக்கம் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அதன் வயல்களிலும் கிராமங்களிலும் குண்டுமாரி பொழிந்தன. அத்தீயில் வளர்ந்த கெமர் ரூஜ் படையினர் 1975 ஏப்ரில் 17 ஆம் நாள் தலைநகரான புனொம் பென்னைக் கைப்பற்றினர். நகரங்கள் வெறுமையாக்கப்பட்டன, நாணயம் ஒழிக்கப்பட்டது, பாடசாலைகள் மூடப்பட்டன, குடும்பங்கள் பிரிக்கப்பட்டு வயல்வெளி முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. 1979 ஜனவரியில் வியட்நாமியப் படைகள் அவ்வாட்சியை வீழ்த்தும்வரை, மூன்று ஆண்டுகளும் எட்டு மாதங்களுங் கொண்ட காலத்துள், பதினைந்து லட்சத்துக்கும் இருபது லட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டனர் எனக் கணிக்கப்படுகின்றது.

இவ்வழிவு சமத்துவத்தின் பெயரால் நிகழ்ந்தது. முற்போக்கு எண்ணங் கொண்ட நாம் இதனைச் சுற்றி வளைத்துப் பேசுதல் தகாது. அமெரிக்கக் குண்டுகளின் கொடுமையைக் கூறுவது வரலாற்றுக் கடமை. அதனைக் கூறி மற்றக் கொடுமையை மறைப்பது வரலாற்றுத் துரோகம். 1979 இன் பின்னரும் மேற்கு நாடுகளும் சீனாவும் ஐக்கிய நாடுகள் சபையில் கெமர் ரூஜ் தரப்புக்கே ஆசனம் அளித்து வந்தன என்பதும் மறக்கற்பாலதன்று. வல்லரசுகளின் ஒழுக்கம் அத்தன்மைத்து. ஆயினும் நம்மவர் செய்த தவறுகளுக்கு அவ்வொழுக்கம் ஈடாகாது.

ஆசிரியர்களாகிய நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி இன்னும் ஒன்றுண்டு. கெமர் ரூஜ் தலைவர்களிற் பலர் ஆசிரியர்களாக இருந்தவர்கள். போல் பொட் புனொம் பென்னில் ஒரு தனியார் கல்லூரியிற் கற்பித்தவர். இயெங் சாரியும் சொன் சென்னும் கல்வித்துறையிற் பணியாற்றியவர்கள். துவோல் ஸ்லெங் சிறையை நடத்திய டூச் என்பவர் கணித ஆசிரியர். அச்சிறையோ அதற்குமுன் உயர்நிலைப் பாடசாலையாக இருந்த கட்டடம். வகுப்பறைகள் சித்திரவதைக் கூடங்களாயின. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மரணத்துக்கு அனுப்பப்பட்டனர். கற்பித்தவர்களே பாடசாலையைச் சிறையாக்கினர் என்பதை நாம் வெட்கத்தோடு நினைவு கூர்தல் வேண்டும். தாம் அறிந்ததே இறுதி உண்மை என்று நம்பும் ஆசிரியன், அதிகாரம் கைக்கு வரும்போது எங்கே சென்று நிற்பான் என்பதற்கு இதனிலும் கொடிய சான்று தேவையில்லை.

கலைகளின் நிலை யாது? புரட்சிப் பாடல்கள் ஒலிபெருக்கிகளில் முழங்கின. அவை மட்டுமே முழங்கலாம். அரண்மனை நடனக்காரரும் கிராமிய இசைஞரும் திரைப்படப் பாடகரும் சாதாரண மக்களோடு மக்களாக மடிந்தனர். நாடெங்கும் விரும்பப்பட்ட பாடகரான சின் சிசாமுத் அந்நாட்களில் மறைந்தார்; அவருடைய முடிவு இன்றுவரை ஐயந்திரிபறத் தெரியவில்லை. எல்லாவற்றினும் ஆழமான காயம் வேறொன்று. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அவர்களையே உளவு பார்க்கப் பழக்கப்பட்டனர். இரவில் குடிசைக்குள் பேசிய சொல் காலையில் உயிரைப் பறிக்கலாம் என்னும் நிலையில் மக்கள் வாய் மூடினர். ஆட்சி வீழ்ந்த பின்னரும் அவ்வாய்கள் எளிதில் திறக்கவில்லை.

போர் தொடர்ந்தமையால் லட்சக்கணக்கானோர் தாய்லாந்து எல்லைக்கு ஓடினர். அங்கு அமைந்த முகாம்களுட் பெரியது 'சைட் டூ' எனப்பட்டது. ஊர்ப்பெயர் கூட இல்லாத அம்முகாமில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முள்வேலிக்குள் வாழ்ந்தனர். வெளியே சென்று உழைக்க அனுமதியில்லை. உணவும் நீரும் வண்டியில் வந்தன. எறிகணைகளும் அவ்வப்போது வந்தன. வயல் என்றால் என்னவென்று காணாமலே அங்குப் பிள்ளைகள் வளர்ந்தனர். அரிசி வண்டியில் விளைகின்றது என்று எண்ணக்கூடிய தலைமுறை அது.

அம்முகாமிலே 1986 ஆம் ஆண்டில் வெரோனிக் தெக்ரோப் என்னும் பிரெஞ்சு ஆசிரியை பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பொன்றைத் தொடக்கினார். தாளும் வர்ணமும் சிறுவர் கூட்டமுமே அவ்வகுப்பின் செல்வம். உணவுக்கு வரிசையில் நிற்கும் மக்களுக்குச் சித்திரம் எதற்கு என்று எவரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயின் பேச அஞ்சியவர்களுக்குக் கோடு ஒரு மொழியாயிற்று. தாம் கண்டதையும் இழந்ததையும் காண விரும்பியதையும் பிள்ளைகள் தீட்டினர். அவற்றை மற்றப் பிள்ளைகள் பார்த்தனர். ஒருவர் உள்ளத்திலிருப்பதை மற்றொருவர் அறிவதும், அறிந்ததனால் தீங்கு நேராதிருப்பதும் அவர்களுக்குப் புதிய அனுபவங்கள்.

1991 அக்டோபரிற் பாரிசில் அமைதி உடன்படிக்கை ஒப்பமாகியது. 1992 இலும் 1993 இலும் அகதிகள் தாயகம் திரும்பினர். திரும்பியவர்களுக்கு நிலமில்லை, தொழிலில்லை, வயல்களிற் கண்ணிவெடிகள் கிடந்தன. சித்திர வகுப்பிலே பயின்ற ஒன்பது இளைஞர்கள் பட்டம்பாங் நகரின் ஓரத்தில் ஒன்று கூடித் தம் ஆசிரியையின் துணையுடன் 1994 இல் ஓர் அமைப்பை நிறுவினர். 'பார் பொன்லு செல்பாக்' என்பது அதன் பெயர். பார் என்னும் பிரெஞ்சுச் சொல் கலங்கரை விளக்கத்தைக் குறிக்கும்; மற்ற இரண்டு கெமர் மொழிச் சொற்களும் கலையின் ஒளி எனப் பொருள்படும். முகாமில் தாம் பெற்றதை அயலிலுள்ள ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே அவர்களின் நோக்கம்.

முதலிற் சித்திரம், பின்னர் இசை. 1998 இல் சர்க்கஸ் பயிற்சி தொடங்கியது. ஒன்பதின்மருள் ஒருவரான குவொன் டெட் இதற்கு முன்னின்றார். அதே ஆண்டு ஏப்ரில் மாதத்திற் போல் பொட் எல்லைப்புறக் காட்டிலே நீதிமன்றத்தைக் காணாமலே இறந்தார். ஒரு புறம் அச்சத்தின் தலைவன் மறைய, மறுபுறம் தெருவிலலைந்த சிறுவர்கள் தலைகீழாக நிற்கப் பழகிக்கொண்டிருந்தனர். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேர்த் தொடர்பில்லை; எனினும் ஒரே ஆண்டின் இரு முகங்களாக அவை நம் கண்ணுக்குத் தோன்றுகின்றன.

சித்திரம் இருக்கச் சர்க்கஸ் ஏன்? சித்திரம் தனியே அமர்ந்து செய்யுந் தொழில். ஓரிடத்தில் அமர மறுக்கும் சிறுவனுக்கு, தெருவில் அடிதடியோடு வளர்ந்தவனுக்கு, அது எளிதிற் கைகூடாது. சர்க்கஸோ அவனிடமுள்ள துடிப்பையே முதலாகக் கொள்கின்றது. அன்றியும் அது தனியே பயில இயலாதது. ஒருவன் குட்டிக்கரணம் போடும்போது இருவர் இருபுறமும் நின்று காவல் செய்வர். தாங்குபவன் இடம் பெயர்ந்தால் மேலிருப்பவன் விழுவான். இன்று தாங்குபவன் நாளை தாங்கப்படுவான். தந்தையை உளவு பார்க்கப் பழக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இதனைக் காட்டிலும் உயர்ந்த குடிமைப் பாடம் எதுவென நாம் அறியோம். கல்வி இலவசம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் பயிலும் நிலையமாக அது வளர்ந்தது.

இனி அவர்கள் ஓர் ஆட்டத்தை ஆக்கும் முறையை நோக்குவோம். பழைய சர்க்கஸிலே குதிரைக்குப்பின் கோமாளி, கோமாளிக்குப்பின் ஊஞ்சல் என்று வித்தைகள் வரிசையாக வரும். அவற்றிடையே பொருட்டொடர்பு தேவையில்லை. பட்டம்பாங்கிற் கதை முதலில் வருகின்றது. அக்கதையின் எந்த உணர்ச்சிக்கு எந்த வித்தை பொருந்தும் என்று நெறியாளரும் ஆட்டக்காரரும் தேடுகின்றனர். மனிதக் கோபுரம் சரிவது வீடொன்றின் சரிவாகலாம். துணியைப் பற்றி வானில் தொங்குவது நினைவின் ஊசலாட்டமாகலாம். இசைஞர் மேடையோரத்திலிருந்து மரபு வாத்தியங்களையும் மேலைநாட்டு வாத்தியங்களையும் கலந்து ஒலிப்பர். பாய்பவர் நிலத்தைத் தொடும் கணமும் மேளத்தின் அடியும் ஒன்றாதல் வேண்டும். ஆட்டம் நடைபெறும்போதே ஓவியர் மேடையிற் படம் தீட்டுவர். முகாமின் சித்திர வகுப்பு இவ்வாறு கூடாரத்துக்குள்ளும் தொடர்கின்றது.

இம்முறையில் அமைந்த ஆட்டங்களுட் பெயர் பெற்றது 'சோகா'. சோகா ஒரு பெண்ணின் பெயர். நமக்குப் பழக்கமான சுகம் என்னும் சொல்லின் மூலத்திலிருந்தே கெமர் மொழிக்கும் அப்பெயர் சென்றது. பிள்ளைப்பருவத்திற் கண்ட கெமர் ரூஜ் கொடுமைகள் அவளை வாழ்நாள் முழுவதும் நிழலாகத் தொடர்கின்றன; கலையின் துணையால் அவள் தானும் ஆறி, பிறரையும் ஆற்றுகின்றாள். இதிலே பட்டம்பாங் நிறுவகர்களின் சொந்த வரலாறும் கலந்துள்ளது. அவ்வாட்சி பற்றிய முழுமையான பாடநூல் ஒன்று கம்போடிய மாணவர்களுக்காக வெளிவந்தது 2007 இலேதான். சிறையதிகாரி டூச் தண்டிக்கப்பட்டது 2010 இல். வரலாற்றைச் சொல்வதிற் பாடநூலும் நீதிமன்றமும் இவ்வளவு தாமதித்த ஒரு நாட்டில், சர்க்கஸ் மேடை வரலாற்று வகுப்பின் பணியையும் ஏற்றது.

உள்ளூரில் ஆடியவை பின்னர் வெளிநாடுகளுக்குச் சென்றன. சுற்றுப்பயணம் என்பது கூட்டத்தார் காணாத பேருழைப்பு. பாய்களும் வளையங்களும் கழிகளும் பறையும் பெட்டிகளில் அடைக்கப்பட வேண்டும். ஏழை நாட்டு இளைஞருக்கு நுழைவு அனுமதி பெறுவதே ஒரு கயிற்று நடை. போகுமிடந்தோறும் கூரையின் உயரம் வேறு. தளத்தின் கடினம் வேறு. கயிறு கட்டும் கொளுக்கி எவ்வளவு பாரம் தாங்கும் என்பது வேறு. ஒவ்வோர் ஊரிலும் யாவற்றையும் புதிதாக அளந்து, இறுக்கி, சோதித்த பின்னரே ஆட்டக்காரர் மேலே ஏறுவர். முன்னிரவு செய்த பாய்ச்சலை மறுநாள் வேறு தளத்திற் புதிதாகக் கற்றாக வேண்டும். கைதட்டல் பெறுபவர் சிலர். அவர்களின் உயிரைக் காப்பவர் பலர்.

பட்டம்பாங் இளைஞர் சிலர், மைக்கேல் லெசாக் என்னும் நெறியாளரின் குழுவோடு இணைந்து 2010களில் 'நேற்றுச் சந்திப்போம்' எனப் பொருள்படும் பெயருடைய ஆட்டமொன்றை ஆக்கினர். அவர்கள் கொடுமையை நேரிற் காணாத இரண்டாந் தலைமுறையினர். தம் பெற்றோர் சொல்லாது விட்டதை அவர்கள் சொற்களின்றி உடலாற் சொல்ல முயன்றனர். அவ்வாட்டம் ருவாண்டாவிலும் மேடையேறியது. 1994 இல் எட்டு லட்சம் உயிர்களைப் பலிகொண்ட இனக்கொலையைக் கண்ட மக்கள் முன்னிலையில், கம்போடியப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தாங்கி நின்றனர். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத உரையாடல் அது.

இவ்வளவும் கூறிய நாம் ஒரு சங்கடமான வினாவை ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. 2013 இல் இவ்வமைப்பினர் அங்கோர் ஆலயங்களுக்கு அருகிலுள்ள சியெம் ரீப் நகரிலே நிலையான கூடாரமொன்றைத் திறந்து, சுற்றுலாப் பயணிகளுக்கு ஆடத் தொடங்கினர். துயரத்தை நுழைவுச்சீட்டுக்கு விற்பதாகாதா இது? பகலில் ஆலயமும் இரவில் அழுகையுமாகப் பார்த்துச் செல்லும் செல்வருக்கு ஏழை நாட்டின் காயம் ஒரு பொழுதுபோக்காகாதா? ஆகக்கூடும். ஹாகன்பெக்கின் காட்சிகளிலே பார்த்தவர் ஐரோப்பிய நகரத்தாரே, ஆடியவரோ ஆசியரே. வேறுபாடு எங்கே இருக்கின்றது? கதையை யார் ஆக்கினர், காசு யாரிடஞ் செல்கின்றது என்னும் இரண்டிலுமே இருக்கின்றது. சியெம் ரீப்பில் ஆடப்படும் கதையை ஆடுவோரே ஆக்குகின்றனர். அவர்களுக்கு ஊதியம் உண்டு. இலாபம் பட்டம்பாங்கின் இலவசப் பாடசாலைக்குச் செல்கின்றது. சந்தையை இது ஒழித்துவிடவில்லை. சந்தைக்குள் நின்றுகொண்டே அதன் விதியொன்றை மாற்ற முயல்கின்றது. முழு விடுதலை இதுவன்று. எனினும் அற்பமுமன்று.

இதன் பெறுமதியை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். தெருக்கூத்தராகத் தொடங்கிய கியூபெக்கின் குழு, உலகின் மிகப் பெரிய சர்க்கஸ் நிறுவனமாக வளர்ந்தது. அதன் கலைச்சிறப்பை எவரும் மறுக்கார். 2015 இல் அதன் பெரும்பங்கு அமெரிக்க முதலீட்டு நிறுவனமொன்றின் தலைமையிலான கூட்டத்தாருக்கு விற்கப்பட்டது. 2020 இல் பெருந்தொற்றுப் பரவியபோது உலகின் கூடாரங்கள் யாவும் மூடின. கடன் சுமை மிகுந்த அந்நிறுவனம் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரி, 3,480 பேரின் வேலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆண்டின் முடிவில் அது கடன் கொடுத்தோரின் கைக்கு மாறியது. வானிற் பறந்தவர்களின் கதி கணக்கேட்டிலே தீர்மானிக்கப்பட்டது. கம்போடியக் கூடாரமும் அதே தொற்றினால் அதே ஆண்டில் மூடியது. பயணிகள் இன்றி வருமானமும் இல்லை. அப்பொழுது அக்கலைஞர்கள் செய்தது யாது? 2021 இல் தம் பாடசாலைக்கு உதவி திரட்டும் பொருட்டு இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் மேலாக இடைவிடாது ஆடி உலக சாதனை நிறுவினர். ஒருவர் களைக்க மற்றவர் வந்தார், ஆட்டம் நிற்கவில்லை.

இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துதல் பொருந்தாது என்பர் சிலர். அளவிலே பொருந்தாதுதான். ஆனால் நெருக்கடி வந்தபோது கூடாரம் யாருடையது என்னும் வினாவுக்கு இரண்டு இடங்களிலும் விடை தெளிவாகக் கிடைத்தது. கலையின் வடிவம் புதியதாயிருத்தல் மட்டும் அதனை மக்கள் கலையாக்கிவிடாது. அதனை ஆக்கும் உழைப்பும் அதன் பயனும் ஒரே கைகளிற் சேர்தல் வேண்டும்.

நாம் மீண்டும் அச்சித்திர வகுப்புக்கே வருகின்றோம். ஒரே நாட்டின் வரலாற்றிலே இருவகை ஆசிரியர்களைக் கண்டோம். ஒரு சாரார் மக்களுக்கு உண்மை இதுவென்று முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்காத மனிதரை அழித்தனர். மற்ற ஆசிரியையோ பிள்ளைகளின் முன் வெறுந்தாளை வைத்து, நீங்கள் கண்டதை வரையுங்கள் என்றார். முன்னையோர் பாடசாலையைச் சிறையாக்கினர். பின்னையவர் சிறை போன்ற முகாமிலே பாடசாலை அமைத்தார். சமத்துவத்தை நாம் கைவிட வேண்டுமென்று கம்போடியா நமக்குக் கற்பிக்கவில்லை. மனிதரை நம்பாத சமத்துவம் கொலைக்களத்தில் முடியும் என்றே கற்பிக்கின்றது.

முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் நம் நாட்டிலும் உளர். பெற்றோர் பேசாது விட்ட செய்திகள் நம் வீடுகளிலும் உள. நம் பாடசாலைகளிலே சித்திரப் பாடமும் உடற்பயிற்சிப் பாடமும் பரீட்சை நெருங்கும்போது முதலிற் கைவிடப்படுபவை; அவ்வேளைகளைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நாமே பறித்துக் கொடுத்து வருகின்றோம். பட்டம்பாங்கின் வரலாற்றை அறிந்த பின் அவ்வாறு செய்யும்போது நமது கை சற்றே தயங்குமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் கிட்டியதெனக் கொள்வோம்.